கட்டுப் போட முடியாத முறிவு

எலும்பு முறிவு என்றதும் தமிழில் உடனே நாவில் வரும் சொல் ‘கட்டு’. கை முறிந்தாலும் கால் முறிந்தாலும் ‘கட்டுப் போட்டாயிற்றா?’ என்றுதான் கேட்கிறோம். புத்தூர்க் கட்டின் புகழ் மும்பைத் தமிழர் வீடுகள் வரை வந்திருக்கிறது. ஆனால் விலா எலும்பு முறிவுக்குக் கட்டு இல்லை. மார்பைச் சுற்றித் துணியை இறுக்கினால் வலி சற்றுத் தணிந்ததுபோல் தோன்றும். கூடவே நுரையீரல் விரிவதும் குறையும். மூச்சு மேலோட்டமாகும், சளி தேங்கும், பின்னாலேயே நிமோனியா வரும். அதனால்தான் மருத்துவ உலகம் இந்தக் கட்டைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரும்பாலான விலா முறிவுகள் ஏறக்குறைய ஆறு வாரங்களில் தாமாகவே கூடிவிடும். அதுவரை செய்ய வேண்டிய முதன்மைச் சிகிச்சை, வலியை அடக்கி நோயாளியை முழுமையாக மூச்சுவிடவும் இருமவும் வைப்பதே.

மருத்துவம் என் துறையன்று. நான் மொழியியல் படித்தவர். இருந்தும் இதை எழுதக் காரணம், இந்தச் சிகிச்சையின் பாதி மருந்தில் இருக்கிறது, மறுபாதி பேச்சில் இருக்கிறது என்று எனக்குப் படுவதுதான்.

தாராவியில் மேல்தளத்துக்குச் செல்வது பல வீடுகளில் செங்குத்தான இரும்பு ஏணி வழியாகத்தான். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களில் தனித்து வாழும் முதியவர்களுக்குக் குளியலறைத் தரையே போதும். மின்ரயில் நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விழுந்தவர் மறுநாள் ‘மூச்சுப் பிடித்திருக்கிறது’ என்கிறார். வீட்டார் அதை வாயுப் பிடிப்பு என்று கொள்கிறார்கள். அந்தச் சொல் இந்திக்கு மாறும்போது ‘கேஸ்’ ஆகிவிட்டால், கையில் கிடைப்பது வயிற்று மாத்திரை. சாதாரண எக்ஸ்-ரே படத்திலும் விலா முறிவுகளில் கணிசமானவை தப்பிவிடும் என்பதால், நோயாளியின் சொல்லே பல வேளைகளில் முதற்சான்றாகிறது. அச்சொல் மொழிபெயர்ப்பில் கெட்டுப்போனால் சான்றும் கெட்டுப்போகிறது.

இது சிறிய விஷயமன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விலா முறிந்து சேர்க்கப்பட்டவர்களுள் 65 வயதுக்கு மேற்பட்டோரில் 22 விழுக்காட்டினர் இறந்தனர். அதைவிட இளையவர்களில் 10 விழுக்காட்டினர். நிமோனியா முறையே 31, 17 விழுக்காடு. முதியவர்களுக்கு முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் மரண வாய்ப்பு 19 விழுக்காடு உயர்ந்தது.

இனி மருந்துகள். அமெரிக்காவில் அபின் வகை வலி மருந்துகள் அளவுக்கு மீறிப் புழங்கி ஒரு தலைமுறையையே அடிமையாக்கின. ஆகவே அங்கே ‘அபின் சாராத வலி நிவாரணம்’ என்பது ஒரு திருத்தம். நம் நிலை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்பினை மருத்துவமனைகளுக்கே எட்டாப் பொருளாக்கியது. 2014இல் வந்த திருத்தம் உரிம முறையை எளிமையாக்கிய பின்னும் தயக்கம் முற்றும் நீங்கவில்லை. 2018இல் டிரமடாலும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. இங்கே அபின் சாராத வழி பல நேரங்களில் ஆய்ந்து எடுத்த முடிவாக இருப்பதில்லை. வேறு வழியில்லாததால் எஞ்சியது. எஞ்சியதை முறையாகச் செய்கிறோமா என்பதே என் கேள்வி.

அடித்தளம் பாராசிட்டமால். வலித்தால் மட்டும் போட்டுக்கொள்வதைவிட நேரம் தவறாமல் எடுத்தால்தான் அது பயன்தரும். நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்ச வரம்பு. எடை குறைந்தவர், மது அருந்துபவர், கல்லீரல் நோயாளர் ஆகியோருக்கு அதனினும் குறைவு. காசநோய் மருந்துகள் சிலவும் கல்லீரலைப் பாதிப்பவை. காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாராவி போன்ற பகுதியில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருள் உண்டு.

அடுத்து ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகள். பாராசிட்டமாலுடன் சேரும்போது இவற்றின் வலு கூடுகிறது. ஆனால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கவல்லவை. முதியவரின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதிப்பவை. மும்பை மழைக்காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். டெங்கு ஐயமுள்ள காய்ச்சலில் இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே குறைந்த அளவு, குறைந்த நாள், மருத்துவர் கண்காணிப்பு.

இந்த இரண்டையும் ஒரே மாத்திரையில் கலந்து விற்பது நம் மருந்துக்கடைகளின் வழக்கம். கலவை மாத்திரையைப் போட்டுக்கொண்டவர் ‘காய்ச்சல் மாத்திரை’ என்று குரோசினையோ டோலோவையோ மேலும் போடுகிறார். ஒரே பாராசிட்டமால் இருமுறை உள்ளே போவது அவருக்குத் தெரிவதில்லை. சில கலவைகளில் செர்ரேஷியோபெப்டிடேஸ் இருக்கிறது. வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததென்று காட்ட இயலாமல் ஜப்பானில் 2011இல் அதைத் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்ற பொருள் அது. வேறு சிலவற்றில் டிரமடால் இருக்கிறது; அது அபின் வகைதான். 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 156 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த ஒரு கலவையும் பட்டியலில் இருந்தது. அட்டையின் பின்புறத்தைப் படிப்பது ஒரு பழக்கமாக வேண்டும்.

தைலங்களையும் சொல்லிவிடலாம். அமிர்தாஞ்சனம் பிறந்தது 1893இல் இந்தப் பம்பாயில்தான். தைலம் தோலுக்கு இதம் தரும். முறிந்த விலாவை எட்டாது. லிக்னோகெய்ன் ஒட்டுப்பட்டை அதனினும் ஒரு படி மேல். 12 மணிநேரம் ஒட்டி 12 மணிநேரம் எடுத்துவிட வேண்டும். அதற்கான சான்றுகள் கலவையானவை, விலையும் அதிகம். கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்புவலி மருந்துகள் தாராளமாக எழுதப்படுகின்றன. புதிய விலா முறிவின் வலிக்கு அவை உதவுவதற்கு நல்ல சான்று இல்லை. முதியவருக்குத் தலைசுற்றல் தந்து மீண்டும் விழச் செய்யும் வாய்ப்போ உண்டு.

உண்மையில் வலிமையான வழி ஊசியில் இருக்கிறது. முறிந்த பகுதிக்குச் செல்லும் நரம்புகளையே மரத்துப்போகச் செய்யும் முறை அது. முதுகில் சிறுகுழாய் செலுத்தும் எபிடியூரல் முறை நீண்டகாலமாக உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அமெரிக்க விபத்து அறுவை மருத்துவர்களின் 2016 வழிகாட்டலும் சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடு அதை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. ஆனால் இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்க்கும் முதுகெலும்பில் அடிபட்டவர்க்கும் அது பொருந்துவது அரிது. இரத்த அழுத்தமும் இறங்கலாம். அதன் பின் வந்தவை தசைப்படலங்களுக்கு இடையே மருந்தைச் செலுத்தும் முறைகள். பக்கவாட்டு மார்பில் 2013இல் ஒன்று, முதுகுத் தசைக்கு அடியில் 2016இல் மற்றொன்று என விவரிக்கப்பட்டன. செய்வது எளிது, ஆபத்தும் குறைவு. குழாய் வைத்தால் சில நாள் நீட்டிக்கலாம். அவற்றுக்கு வேண்டிய புபிவகெய்ன் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே உள்ளது.

பிறகு ஏன் இது எல்லார்க்கும் கிட்டுவதில்லை? மயக்கவியல் மருத்துவர்கள் அறுவை அரங்கோடு நின்றுவிடுவது ஒரு காரணம். இன்னொன்று வியப்பூட்டும். இந்த ஊசியை வழிநடத்தும் அல்ட்ராசவுண்ட் கருவி, கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. பதிவும் இடக் கட்டுப்பாடும் படிவங்களும் அதற்கு உண்டு. அச்சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. பெண்குழந்தைகளைக் காக்கவே அது வந்தது. ஆனால் அதே கருவி வார்டுக்கு வர முடியாமல் ஒரு மூதாட்டி இருமவே அஞ்சிக் கிடப்பதும் ஒரு விலைதான்.

அபின் வகை மருந்தே கூடாது என்று நான் வாதிடவில்லை. பல விலாக்கள் நொறுங்கி, மற்ற வழிகள் போதாதபோது மார்பினை மறுப்பது கொடுமை. மற்ற வழிகளை முழுமையாகச் செய்தால் அதன் தேவை குறையும் என்பதே வாதம்.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் கேட்பது மருத்துவமனை வழக்கம். அசையாமல், மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர் ‘மூன்று’ என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் இருமவில்லை, அவ்வளவே. பழந்தமிழில் ‘வலி’ என்றால் ஆற்றல். குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் ஆற்றலை அறிவது பற்றியது. இன்றோ வலியைப் பொறுப்பதையே ஆற்றலாக எண்ணுகிறோம். வேறெங்கும் அது பெருமையாக இருக்கலாம். முறிந்த விலாவில் பொறுமை நுரையீரலுக்குப் பகை. வலி, உள்ளிழுக்கும் மூச்சின் அளவு, இருமலின் வலு ஆகிய மூன்றையும் சேர்த்து மதிப்பிடும் முறை அமெரிக்க மருத்துவமனைகளில் இருக்கிறது. தமிழில் அதை மூன்று கேள்விகளாக்கலாம்: ‘ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா? இருமினால் தாங்க முடிகிறதா? இரவில் திரும்பிப் படுத்தீர்களா?’

மூன்று பந்துக் கருவியின் கதையும் இதுவே. நாம் அதைப் ‘பந்து ஊதும் கருவி’ என்கிறோம், ஊதுகிறோம். அது ஊதுவதற்கன்று, மூச்சை உள்ளே இழுப்பதற்கு. ஒரு வினைச்சொல் மாறியதில் பயிற்சியே தலைகீழாகிறது.

தாராவிக்கு மிக அருகில் இருப்பது சயான் மருத்துவமனை எனப்படும் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தும் அதே மாநகராட்சியின் மருத்துவமனை அது. பள்ளியில் தமிழில் கற்பிக்க இயலும் மாநகராட்சிக்கு மருத்துவமனையில் தமிழில் அரைப்பக்கம் அச்சிடவும் இயலும். மராத்தி, இந்தியோடு தமிழிலும் அந்த மூன்று கேள்விகள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை நேர அட்டவணை. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி. மூச்சுத்திணறல், காய்ச்சல், சளியில் இரத்தம், வயிற்றுவலி, மயக்கம் வந்தால் உடனே திரும்பி வரச் சொல்லும் ஒரு வரி. கூடவே, மூன்றோ அதற்கு மேலோ விலாக்கள் முறிந்த முதியவரை முதல் நாளிலேயே மயக்கவியல் மருத்துவர் பார்க்கும் நடைமுறை.

மருத்துவமனை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது விழுந்து விலா முறிந்தால், ‘கட்டுப் போட்டாயிற்றா?’ என்று கேட்காதீர்கள். ‘நரம்பை மரக்கச் செய்யும் ஊசி இவருக்குப் பொருந்துமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் இருப்பவரிடம் நாளுக்கு நான்கு முறை ‘இருமினாயா?’ என்று கேளுங்கள்.