குளிசை போட்டால் சரியா?

எமது ஒன்றுகூடல்களில் ரோல்ஸ், பற்றீஸ், கேக் என்று தட்டுகள் சுற்றி வரும். "இண்டைக்கு ஒரு குளிசை கூடப் போட்டால் சரி" என்றபடி சலரோகக்காரர் ஒருவர் இரண்டாவது ரோல்ஸை எடுப்பார். நாமும் சிரித்தபடி தட்டை நீட்டுகிறோம்.

சலரோகம் வந்தால் வந்ததுதான் என்பது எம்மவர் நம்பிக்கை. ஸ்கொட்லாந்திலும் ரைன்சைட்டிலும் இரண்டாம் வகை சலரோகம் உள்ளவர்களிடையே நடந்த 'டிரெக்ட்' ஆய்வு 2017இல் வேறு கதை சொன்னது. மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் சூப்பும் ஷேக்கும் மட்டுமே; பின்னர் படிப்படியாக வழமையான சாப்பாடு. ஓராண்டின் பின் 46 வீதமானோர் சலரோகக் குளிசை இன்றியே நோயின் எல்லைக்குக் கீழே நின்றார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 வீதம்! இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 வீதமாக இறங்கியதையும் மறைக்கக் கூடாது. எடை திரும்பினால் நோயும் திரும்பிவிடும்.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். 2020இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். எம்மைப் போன்ற தெற்காசியருக்கு எடை வரம்பும் குறைவு. தாமாகவே மருந்தை நிறுத்துவது மட்டும் ஆபத்து.

ஆனால் சூப்போடு இருப்பவர் பிறந்தநாள் வீட்டில் "ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்ற எங்கள் உபசாரத்தைத் தாண்ட வேண்டுமே! அடுத்த பொங்கல் விழாவில் ரோல்ஸைப் பாதியாக்கி, அவித்த கடலையும் சலாட்டும் வைக்கும்படி செயற்குழுவைக் கேட்கிறோம். சமையலுக்குக் கைகொடுக்கக் கூடியவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்.