மணலிற் கற்ற போதகர்

பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது அதன் சிறுவிரலைப் பிடித்து, பரப்பிய அரிசியின்மேல் அகரம் எழுதுவிப்பது நம்மவர் வழக்கம். அரிசியெழுத்து அந்த ஒருநாளைக்கே. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் அதற்குப் பின் எல்லாம் மணல்தான். மணலே ஏடு, விரலே எழுத்தாணி. எழுதும் எழுத்தை வாய்விட்டு உரைத்துக்கொண்டே எழுதவேண்டும். வாய் ஓய்ந்தாற் சட்டம்பியாரின் பிரம்பு ஓயாது.

இவ்வாறு மணலிலே தமிழ் கற்ற ஒருவரைப்பற்றி இவ்வாரம் எழுதுகின்றோம். அவர் ஐந்து வயதுப் பாலகர் அல்லர், இருபத்துநான்கு வயதினர். தமிழ்நாட்டிற் பிறந்தவரும் அல்லர். ஜேர்மனியிலே சக்சனி நாட்டவர். எல்லாவற்றிலும் மேலாக, அவர் கற்க வந்தவர் அல்லர், கற்பிக்க வந்தவர். பார்த்தலோமேயு சீகன்பால்க் என்பது அவர் பெயர். நம் கிறிஸ்தவ நண்பர்கள் இப்பெயரை நன்கறிவர். சைவப் பிள்ளைகளுட் பலர் பரீட்சைக்குரிய ஒரு குறிப்பாக மட்டுமே அறிவர். தமிழில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று இரண்டு புள்ளிக்கு விடை எழுதிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். அவர் வந்திறங்கிய முதல் நாள்களையும் முதல் மாதங்களையும் பற்றியே நாம் சொல்ல விரும்புகின்றோம். பின்னே நடந்தவற்றுக்கெல்லாம் விதை அங்கேதான் கிடக்கின்றது.

சோழமண்டலக் கரையிலே காவிரி கடலோடு கலக்கும் பகுதியில் தரங்கம்பாடி என்றொரு சிறு பட்டினம் உண்டு. 1620 ஆம் ஆண்டிலே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்கு நாட்டு வணிகர் அங்கே கோட்டை கட்டிக்கொண்டனர். அவர்களுக்கு வேண்டியது துணியும் மிளகும். குடிகளின் ஆன்மாவைப்பற்றி அவ்வணிகர் கவலைகொண்டதாகத் தெரியவில்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்னர் டென்மார்க்கின் அரசராகிய நான்காம் பிரெடெரிக்குக்கு அக்கவலை உண்டாயிற்று. தம் நாட்டில் ஆள் கிடையாமையால் ஜேர்மனியிலிருந்து இருவரைத் தெரிந்தெடுத்தார். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் என்றி புளுட்சோ. இருவரும் ஹல்லே நகரத்திலே பிராங்கே என்னும் பேராசிரியரின் வழிநின்றவர்கள். சீகன்பால்க் இளமை தொட்டே நோயாளி. உடல்நலக் குறைவினாற் பல்கலைக்கழகப் படிப்பையே இடையில் நிறுத்தியவர். இத்தகையவரை வெப்ப நாட்டுக்கு அனுப்பிய துணிவை என்னென்பது!

1705 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் கோப்பன்கேகனிலிருந்து கப்பல் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பின் தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு, ஏழு மாதங்களுக்கு மேற் கடலிற் கிடந்து, 1706 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் இறங்கினர். நம் கணக்கில் ஆனி மாதக் கடைசி. மார்கழிக் குளிரில் ஐரோப்பாவை விட்டவர்கள் சோழநாட்டுக் கோடை வெயிலில் வந்து நின்றனர். தரங்கம்பாடியிலே கப்பல் அணையும் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தே நங்கூரமிடும். அங்கிருந்து சிறு படகுகளில் அலைமீது ஏறியிறங்கிக் கரைசேரவேண்டும்.

கரையில் வரவேற்பு எப்படி இருந்தது? அரசரின் ஆணை கையிலிருக்க, அவ்வரசரின் கொடி பறக்கும் கோட்டைக்கு வருகின்றார்கள். மாலை மரியாதை இல்லாவிடினும் ஒரு நல்ல வார்த்தையேனும் எதிர்பார்த்திருப்பர். கோட்டைத் தலைவர் ஹாசியஸ் என்பவர் அவர்களை நெடுநேரம் காக்க வைத்து, பின் இங்கே உங்களுக்கு என்ன வேலை என்பதுபோலக் கடுமையாகப் பேசினார். மாலைப்பொழுதிலே சந்தைவெளியில் அவர்களை நிறுத்திவிட்டு எல்லோரும் தத்தம் வழி சென்றனர். அலுவலர் ஒருவர் இரக்கங்கொண்டு அழைத்துச் சென்றமையால் அன்றிரவு தங்க இடங்கிடைத்தது. மதம் பரப்ப வந்தவர்களுக்கு நம்மவரே முதல் எதிரிகள் என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்க. முதற்கதவை அடைத்தவர் அவர்களுடைய சொந்த மதத்தவரே. ஆண்டு ஒன்று கூட நிறையாத காலத்தில், 1707 மே மாதத்தில், முதன்முதல் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர்; அவ்வைவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். கிறிஸ்தவ வீட்டு அடிமைக்குக் கிறிஸ்தவம் சொல்ல ஆறாயிரம் காதத்துக்கு அப்பாலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது போலும்!

சரி, தங்க இடம் கிடைத்தது. இனி யாரோடு என்ன மொழியிற் பேசுவது? கரையோரப் பட்டினங்களில் ஐரோப்பியருக்கும் உள்ளூரவர்க்கும் இடையே அக்காலத்திற் புழங்கிய மொழி போர்த்துக்கேயம். அதுவும் இலக்கணப் போர்த்துக்கேயம் அன்று, கடைத்தெருப் போர்த்துக்கேயம். முதலில் இருவரும் அதனையே படிக்கத் தொடங்கினர். ஆயின் கோட்டைமதிலுக்கு வெளியே இரண்டு தெரு நடந்தால் அம்மொழி செல்லாக்காசு. உழவனும் மீனவனும் வண்ணானும் தமிழன்றி வேறொன்றும் அறியார். ஆகவே இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். போர்த்துக்கேயம் புளுட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு.

தமிழை எவ்வாறு கற்பது? கையில் இலக்கணநூல் இல்லை, அகராதி இல்லை. 1578 ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் என்றீக்கு பாதிரியார் தமிழெழுத்தில் நூல் அச்சிட்டிருந்தார். ஆயினும் அக்கத்தோலிக்கர் முயற்சியின் பயன் இவர்கள் கைக்கு அப்போது எட்டவில்லை. சீகன்பால்க் செய்தது இதுதான்: ஊரிலே திண்ணைப்பள்ளி நடத்திய வாத்தியார் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் நடத்துமாறு கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் வந்து நிலத்தில் வரிசையாக அமர்ந்து மணலில் எழுதினர். கிரேக்கமும் எபிரேயமும் படித்த அப்பாதிரியாரும் அவர்களிடையே அமர்ந்து, அவர்கள் எழுதியதைப் பார்த்து, அவர்களைப் போலவே விரலால் மணலில் எழுதினார். அவர்களைப் போலவே உரக்கச் சொன்னார்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இக்காட்சி பலவற்றை நினைப்பூட்டுகின்றது. நம் பிள்ளைகள் பேச்சை முதலிலே தாயிடங் கற்று, எழுத்தைப் பின்பு பள்ளியிற் கற்கின்றனர். அவருக்கோ எழுத்து முதலில் வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மாணவருக்கு வாத்தியாரின் தமிழ் தெரியாது. எழுத்தை எழுதலாம், ஒலியைச் சொல்லலாம். அது எதனைக் குறிக்கின்றது என்று கேட்க வழியில்லை. ணகர நகர னகரங்கள் மூன்றும், ரகர றகரங்களும், நம் மொழியின் பெயரிலேயே நிற்கும் ழகரமும் அவர் நாவை என்ன பாடு படுத்தியிருக்கும்! உடனிருந்த சிறுவர் சிரித்திருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அன்றைய ஓலையெழுத்தோ இன்றைய அச்செழுத்தினும் கடினமானது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். மொழியை அறிந்தவன் இடம்நோக்கிப் படித்துக்கொள்வான். அறியாதவன் என்செய்வான்?

இம்மணலெழுத்தைப்பற்றி மற்றுமொரு செய்தி. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தி, பின் இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். ஏழைப்பிள்ளைகளுக்கு ஏடும் மையும் வாங்கும் செலவில்லாத முறை என்று அங்கே அதனைப் போற்றினர். நம் திண்ணைகளைப் பிற்காலத்தில் நாமே எள்ளி நகையாடினோம் என்பது வேறு கதை.

தரங்கம்பாடிக்கு மீள்வோம். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை என்னும் இடரைத் தீர்த்தவர் ஒரு துபாசி. முன்னர் வணிகக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர்; போர்த்துக்கேயம் முதலிய ஐரோப்பிய மொழிகளிற் பேச வல்லவர். அலெப்பா என்று அவர் பெயரை ஐரோப்பியர் எழுதினர். அழகப்பன் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கொள்வர். அவர் வந்தபின் கல்வி வெள்ளமெனப் பாய்ந்தது. ஓராண்டு அளவிற் சீகன்பால்க் தமிழிற் பேசவும் போதிக்கவும் தொடங்கிவிட்டார். பின்னும் அவர் விடவில்லை. காலை வேளையில் மணிக்கணக்காகத் தமிழ்ப் புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடிகளையே படிப்பார். புதுச் சொல் ஒன்று வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். சுவடிகளுக்காகத் தம் ஆள்களை ஊரூராக அனுப்பினார். கணவரை இழந்த பெண்கள் வீட்டிற் பயனின்றிக் கிடந்த ஏடுகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்தனர் என்று அவரே எழுதியுள்ளார். 1708 ஆம் ஆண்டிலே அவர் எழுதிய நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றுள்ளன. திருக்குறள் அதில் உண்டு. சிவவாக்கியர் பாடலும் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். நம் பாலர் வகுப்புப் பிள்ளைகள் தூக்கக் கண்களோடு ஒப்பிக்கும் கொன்றைவேந்தன் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜேர்மன் பேசிற்று!

அம்மொழிபெயர்ப்புக்கு அவர் எழுதிய முன்னுரையிலே ஒன்றை வெளிப்படையாகக் கூறுகின்றார். இந்நாட்டவர் நாகரிகம் அற்றவர், ஒழுங்கான மொழியும் அறிவுநூல்களும் இல்லாதவர் என்று ஐரோப்பியர் எண்ணுகின்றனர். முதலில் வந்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். அவர்கள் நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் நீங்கிற்று என்பது அதன் கருத்து. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. துபாசி வாயிலாகவே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று நாற்காலியில் இருந்திருப்பாராயின் இம்மாற்றம் வந்திராது என்பதே எம் துணிபு.

இதனைக் கொண்டு அவர் நம் சமயத்துக்கு நண்பராகிவிட்டார் என்று யாரும் மயங்கவேண்டா. அவர் வந்த நோக்கம் ஒருநாளும் மாறியதில்லை. நம் வழிபாட்டை இருள் என்றே கடைசிவரை எண்ணினார். ஊர்ப்புறத்துக் கோயில் ஒன்றில் இருந்த உருவங்களிற் சிலவற்றை உடைத்ததாகவும் எழுதியிருக்கின்றார். சைவராகிய நாம் அதனைப் படிக்கும்போது மனம் கொதியாமல் இருப்பது எவ்வாறு? கொதிக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அதே கைதான் சுவடிகளைத் தேடிச் சேர்த்தது. இரண்டையும் ஒருங்கே நோக்காதவர் அவரை அறிந்தவராகார்.

பின்னர் அவரும் அவருடைய தோழர்களும் தமிழ்ச் சைவரிடமும் வைணவரிடமும் கேள்விகளை அனுப்பி விடை எழுதி வாங்கினர். அவ்வாறு வந்த மடல்கள் தொண்ணூற்றொன்பது ஜேர்மன் மொழியில் ஹல்லே நகரத்தில் அச்சேறின. நம்மவர் தம் வழிபாட்டுக்குத் தாமே விளக்கம் கூறும் குரல் அவற்றிலே கேட்கின்றது.

கற்றல் ஒருவழிப் பாதை அன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தபின் யாழ்ப்பாணத்தில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. ஆறுமுக நாவலர் உவெசுலியன் பள்ளியில் ஆசிரியராயிருந்து பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார். அந்நூலை எழுத்தெண்ணிக் கற்றார். அக்கல்வியே 1854 ஆம் ஆண்டிற் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதும்போது அவருக்குக் கைகொடுத்தது. மாற்றாரின் நூலைத் தொடமாட்டேன் என்று இருந்திருந்தால் அவர் மறுமொழி வெறுங்கூச்சலாய் முடிந்திருக்கும்.

இவ்விடத்திலே மாணவருக்கு ஒரு வார்த்தை. உத்தியோக நிமித்தம் காலிக்கும் மாத்தறைக்கும் செல்லும் நம் இளைஞர் சிலர் பத்தாண்டு கழிந்தும் கடைச் சிங்களத்துக்கு அப்பாற் செல்வதில்லை. வடக்கே வரும் சிங்கள உத்தியோகத்தரின் தமிழும் அவ்வளவே. இருசாராரும் நாற்காலியை விட்டு இறங்க நாணுகின்றனர். அரசாங்கம் மொழிப்படி கொடுத்தால் மட்டும் இந்நாணம் தீருமா என்பது எமக்கு ஐயமே.

சீகன்பால்கின் பிற்கால வாழ்வு நீண்டதன்று. முதல்நாள் சந்தைவெளியில் நிறுத்திய அதே ஹாசியஸ் 1708 இல் அவரைச் சிறையிட்டார்; நான்கு மாத அளவு கோட்டையிலே அடைபட்டிருந்தார். புளுட்சோ 1711 இல் ஊர் திரும்பினார். 1713 இல் தென்னிந்திய தெய்வங்களின் மரபைப்பற்றிச் சீகன்பால்க் ஒரு பெருநூல் எழுதி ஹல்லேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியோர் அதனை விரும்பவில்லை. அந்நிய சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே அன்றி அதன் கதைகளை ஐரோப்பாவிலே பரப்ப அனுப்பவில்லை என்பது அவர்கள் எண்ணம். கையெழுத்துப்படி பெட்டியிற் கிடந்தது. 1867 இலேதான், எழுதி நூற்றைம்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் அச்சேறிற்று.

ஆசிரியர் அதைக் காண இல்லை. 1719 பெப்ரவரி 23 ஆம் நாள், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார். தாம் கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயத்தினுள்ளே அடக்கம் செய்யப்பட்டார். 2004 டிசம்பர் 26 இல் நம் கிழக்குக்கரையை அழித்த ஆழிப்பேரலை அப்பட்டினத்தையும் தாக்கிற்று. ஆலயம் இன்றும் நிற்கின்றது.

அவருக்கு இலண்டனிலிருந்து வந்த அச்சுப்பொறியின் கதையும், தமிழெழுத்துகள் ஹல்லேயில் வார்க்கப்பட்ட கதையும் சுவையானவை. இடமின்மையால் அவற்றை வரும் வாரம் எழுதுவோம்.