எய்தவன் இருக்க அம்பை நோவதா?

2022 ஜனவரி 7 அன்று காலை பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டு இணை ஓடுபாதைகளிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரண்டு இண்டிகோ விமானங்கள் மேலெழுந்தன. ஒன்று கொல்கத்தாவுக்கும் மற்றொன்று புவனேசுவரத்துக்கும் புறப்பட்டவை. இரண்டிலுமாக இருந்தோர் 426 பேர். மேலே கிளம்பிய சில நொடிகளில் அவை ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கின. ரேடார் திரையில் அதைக் கண்ட கட்டுப்பாட்டாளர் இரண்டுக்கும் வெவ்வேறு திசைகளைக் கொடுத்தார். விமானங்கள் விலகின, பயணிகள் பிழைத்தனர்.

நடந்தது என்ன? அன்று காலை இரு ஓடுபாதைகளும் பயன்பாட்டில் இருந்தன. இடையில், வடக்கு ஓடுபாதை ஒன்றையே இறங்குவதற்கும் ஏறுவதற்கும் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு தெற்குக் கோபுரத்தில் இருந்தவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் கொல்கத்தா விமானத்துக்கு அனுமதி தந்தார். அதே வேளையில் வடக்குக் கோபுரம் புவனேசுவர விமானத்துக்கு அனுமதி தந்தது. முதற்கட்ட விசாரணையில் வெளிவந்த செய்தி இது. இதைவிட அச்சமூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. நூலிழையில் தவிர்க்கப்பட்ட இந்த மோதல் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் அதை மேலே தெரிவிக்கவுமில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துச் செய்தி ஏடுகளின் வழியாகத்தான் நாடு அதை அறிந்தது.

புறப்பட்ட உடனே நேரும் இத்தகைய நெருக்கம் மற்றவற்றைவிடக் கொடியது. விமானத்தில் எரிபொருள் நிறைந்திருக்கிறது, வேகம் குறைவு, உயரம் குறைவு, திரும்பித் தப்ப வெளி இல்லை. விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்துக்குக் கீழே, 'ஏறு, இறங்கு' என ஆணையிடும் அதன் குரல் ஒடுக்கப்பட்டிருக்கிறது. தரைக்கு அருகே அத்தகைய ஆணை வேறொரு விபத்தை விளைவித்துவிடும் என்பதே காரணம். ஆகவே அந்தச் சில நொடிகளில் பயணிகளின் உயிர் மனிதக் கண்ணையும் மனிதக் குரலையுமே நம்பியிருக்கிறது. அந்தக் கண் அயர்ந்திருக்கிறதா, அந்தக் குரலுக்குரியவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்பதே பாதுகாப்பின் முதற்கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஆட்சியாளர்கள் விரும்புவதில்லை. ஏதேனும் நிகழ்ந்தால் கடைசியாகக் கருவியைத் தொட்டவர் யார் என்று தேடுவதே அவர்களுடைய வழக்கம். 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தா விமான நிலையத்தில், சென்னைக்குப் புறப்பட ஓடுபாதை அனுமதிக்காக நின்றிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையோடு இண்டிகோ விமானம் ஒன்றின் இறக்கை உரசியது. உடனடியாக இண்டிகோ விமானிகள் இருவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் 17 அன்று வங்கத்தின் ரங்காபானி அருகே காஞ்சன்ஜங்கா விரைவு ரயில்மீது சரக்கு ரயில் மோதியபோது, விபத்தில் இறந்துபோன சரக்கு ரயில் ஓட்டுநர் மீதே அன்றைய தினமே பழி சுமத்தப்பட்டது. பழுதான சிக்னல்களைக் கடந்து செல்ல அவருக்கு எழுத்து வடிவில் அனுமதி தரப்பட்டிருந்தது என்பதும், அத்தகைய நிலைமையில் ரயிலை இயக்கப் போதிய பயிற்சியும் அறிவுறுத்தலும் தரப்படவில்லை என்பதும் பின்னரே வெளிவந்தன.

தனிமனிதத் தவறே இல்லை என்று நாம் வாதிடவில்லை. தவறு செய்வது மனித இயல்பு. ஒருவரின் தவறு நூற்றுக்கணக்கானோரின் சாவாக மாறாமல் தடுப்பதற்கே அமைப்பு இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அவற்றுள் ஒன்று டெல்லியிலிருந்து சில நிமிடங்களுக்கு முன் புறப்பட்ட சவூதி விமானம். அதில் சென்றோரில் பலர் பிழைப்புத் தேடி வளைகுடாவுக்குப் போன தொழிலாளர்கள். எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் தனக்கு விதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியது என்பது விசாரணையின் முடிவு. உண்மைதான். ஆனால் அன்று டெல்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் வான்வழி ஒன்றே. அங்கிருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. தனித்தனி வழிகளும், கட்டாய மோதல் தவிர்ப்புக் கருவியும் 349 உயிர்களைக் கொடுத்த பிறகே வந்தன.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தனர். சுவிட்சர்லாந்தின் கட்டுப்பாட்டு மையத்தில் அப்போது ஒரே ஒருவர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். உடன் பணிபுரிந்தவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது. 2007இல் அந்நாட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் மேலாளர் நிலையில் இருந்த நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அப்படியொரு தீர்ப்பைக் கற்பனை செய்ய முடிகிறதா?

இங்கே நிலைமை என்ன? வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறையால் அளவுக்கு மீறிய பணிச்சுமையில் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. பணிநேர வரம்பிலிருந்தே ஆணையத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டிருப்பதையும் அது கண்டித்தது. கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திலேயே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலி. அதே ஆண்டு டிசம்பரில் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதிகளுக்கு ஏற்ப இண்டிகோ ஆயத்தம் செய்யாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அரசு செய்தது என்ன? விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஒரு நிறுவனத்தின் கையில் உள்நாட்டுச் சந்தையின் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டால், விதி அதற்கு வளையும். அது விதிக்கு வளையாது.

விமானத்தில் பறப்பவர்களின் கவலை உழைக்கும் மக்களின் ஏட்டுக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் வினவலாம். கோபுரத்தில் அமர்ந்திருப்பவரும் தொழிலாளிதான். 1981இல் அமெரிக்காவில் ஊதியமும் குறைந்த பணிநேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரே ஆணையில் வேலைநீக்கம் செய்தார். அவர்களது சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. உலகெங்கும் தொழிற்சங்க ஒடுக்குமுறைக்கு அது முன்மாதிரியாயிற்று. அவர்கள் கேட்ட ஓய்வு அவர்களுக்காக மட்டுமன்று. கீழே அமர்ந்து பயணம் செய்வோருக்காகவும்தான்.

தண்டனை அச்சம் மிகுந்த இடத்தில் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மீண்டும் நிகழும். இரண்டாம் முறை ரேடார் திரையின் முன் விழிப்புள்ள ஒருவர் இல்லாமலும் போகலாம். பெங்களூருவின் எழுதப்படாத பதிவேடு சொல்வது இதைத்தான்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காலியிடங்கள் அனைத்தும் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். பணிநேர வரம்புக்கு யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் விலக்குக் கூடாது. விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுபட்டு நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புள்ள அமைப்பாக வேண்டும். தவறைத் தானே முன்வந்து தெரிவிக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும். மறைக்கும் நிர்வாகத்துக்குத் தண்டனை வேண்டும். நூலிழையில் தவிர்க்கப்பட்ட ஒவ்வொரு மோதலின் விசாரணை அறிக்கையும் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும்.

அன்று 426 பேரைக் காத்தது ஒரு தொழிலாளியின் விழிப்பு. அந்த விழிப்புக்கு வேண்டிய ஓய்வையும் உடன் உழைக்கும் கைகளையும் தர மறுக்கும் அரசுக்கு, அடுத்த விபத்தின்போது அந்தத் தொழிலாளியை நோக்கி விரல் நீட்ட உரிமை இல்லை.