எலியைக் காட்டி எலும்பு ஊசியை மறுக்கலாமா?

எலும்புப்புரை முற்றி முதுகெலும்பு நொறுங்கியவருக்கு டாக்டர் டெரிபாராடைடு ஊசி எழுதிக் கொடுத்தால், வீட்டில் உடனே பேச்சு கிளம்பிவிடுகிறது: "அது புற்றுநோய் வரவழைக்கும் ஊசியாம். ஹார்மோன் வேறு, இருக்கிற எலும்பையும் கரைத்துவிடும். பேசாமல் கால்சியம் மாத்திரையோடு ஓட்டலாம்." இந்த மூன்று வாதங்களுமே நிற்காதவை.

முதலில் புற்றுநோய். இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 2002இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தபோதே, கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்தது. ஆய்வகத்தில் எலிகளுக்கு எலும்புப் புற்று வந்திருந்ததே காரணம். ஆனால் அந்த எலிகளுக்கு இளம் பருவம் தொட்டு ஏறக்குறைய ஆயுள் முழுக்க மருந்து போனது. மனித உடலில் சேர்வதைப்போல 3 முதல் 60 மடங்கு சேர்ந்தது. எலியின் எலும்பு வயதான பிறகும் வளர்ந்துகொண்டிருக்கும், நம்முடையது அப்படியல்ல. நோயாளிக்குப் போடுவதோ தினம் 20 மைக்ரோகிராம், பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். பல ஆண்டுக் கண்காணிப்பிலும் மனிதரிடம் புற்று கூடியதாகத் தெரியாததால், 2020இல் எஃப்.டி.ஏ.வே அந்த எச்சரிக்கையை நீக்கியது. அது வந்த செய்தி பரவிய அளவுக்கு, நீங்கிய செய்தி பரவவில்லை. எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், எலும்புக்குப் புற்று பரவியவர்கள், பேஜெட் நோயாளிகள், எலும்பு வளர்ச்சி முடியாத இளையோர் போன்றோருக்கு இன்றும் இதைத் தவிர்க்கிறார்கள்.

அடுத்தது, கரைக்கும் என்ற வாதம். பாராதைராய்டு ஹார்மோனின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34தான் இந்த மருந்து. சுரப்பி கெட்டு, ஹார்மோன் நாள் முழுக்க மிகுந்திருந்தால் எலும்பு கரைவது உண்மை. ஊசியில் நடப்பது வேறு. தொடையிலோ வயிற்றிலோ போட்ட அரை மணியில் அளவு உச்சத்துக்குப் போய், சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. இப்படி விட்டுவிட்டு வரும் தூண்டலில் எலும்பைக் கட்டும் செல்கள்தான் முந்திக்கொள்கின்றன.

மூன்றாவது, கால்சியம் போதும் என்பது. 2001இல் வெளியான ஆய்வில், முதுகெலும்பு முறிந்திருந்த 1,637 பெண்கள் அனைவருக்குமே கால்சியமும் வைட்டமின் டியும் தரப்பட்டன. வெற்று ஊசி போட்டவர்களில் 14 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது. தினம் 20 மைக்ரோகிராம் மருந்து போட்டவர்களில் 5 சதவீதம். கால்சியம் தேவைதான், இந்த நிலையில் அது மட்டும் காப்பாற்றாது.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஊசியை நிறுத்தியதும் கட்டிய எலும்பு மெல்லக் குறையத் தொடங்கும். அதைத் தக்கவைக்க அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்தைத் தாமதமின்றித் தொடர வேண்டும். ஊசி முடிந்த பிறகு எந்த மருந்து என்பதை, முதல் ஊசிப் பேனாவை வாங்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.