ஏசவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்!

அன்பு இளைஞனே! கடைத்தெருவில் காலை முதல் இரவு வரை உழைக்கும் வணிகச் சகோதரரே!

ஒரு தலைவரின் மனைவி பதவிக்கு வந்துவிட்டால் நம் டீக்கடை பெஞ்சுகளில் என்ன பேச்சு நடக்கிறது? "அடுப்படியில் இருந்தவளுக்கு அரசாங்கமா?" என்று ஒரு பக்கம் சிரிப்பு. "அண்ணியாரைக் கேள்வி கேட்க நீ யார்?" என்று இன்னொரு பக்கம் மிரட்டல். முன்னது ஒரு பெண்ணின் மானத்தைப் பறிக்கிறது. பின்னது மக்களின் உரிமையைப் பறிக்கிறது. இரண்டையும் நாம் செய்யக்கூடாது.

நம் தமிழகம் கண்டதையே பாருங்கள். 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். 1988 ஜனவரி 7-இல் அவருடைய துணைவியார் வி.என். ஜானகி முதலமைச்சரானார். தமிழகத்தின் முதல் பெண் முதல்வர் அவரே. பாபநாசம் சிவன் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர் என்பதால் நம் தஞ்சைச் சீமைக்கும் அவர் அந்நியர் அல்ல. ஜனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு. சட்டமன்றம் அடிதடிக் களமாகி, போலீஸ் உள்ளே நுழைந்தது. ஜனவரி 30-இல் மத்திய அரசு 356-வது பிரிவின்கீழ் ஆட்சியைக் கலைத்தது.

அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவை? சட்டமன்ற உறுப்பினராகக்கூட இல்லாதவரை, மறைந்தவரின் மனைவி என்பதற்காக முதல்வராக்கலாமா? சபையில் நடந்தது உண்மையான வாக்கெடுப்புதானா? கலைத்த டெல்லி செய்தது நியாயமா? இவையல்லவா கேள்விகள்! ஆனால் நம் தெருக்களில் வாய்க்கு அவலானது அந்த அம்மையாரின் சினிமா வாழ்க்கையும் குடும்ப வாழ்க்கையும்தான்.

1989 ஜனவரித் தேர்தலில் ஆண்டிபட்டியில் நின்று அவர் தோற்றார். மக்கள் வாக்குச்சீட்டால் சொன்ன தீர்ப்பு அது. அவரும் அதை ஏற்று ஒதுங்கினார். பிரிந்த கட்சி ஒன்று சேர வழிவிட்டார். அவரை வைத நாக்குகள் எதையும் சாதிக்கவில்லை. வாக்குச்சீட்டு சாதித்தது.

இப்போது நமக்குக் கசக்கும் ஒரு செய்தி. 1997 ஜூலை 25-இல் மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் சிக்கிய லாலு பிரசாத் விலகி, மனைவி ராப்ரி தேவியைப் பீகார் முதல்வராக்கினார். நம்மில் பலர் வாய் திறக்கவில்லை. ஏன்? 1990 அக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரையைச் சமஸ்திபூரில் தடுத்து நிறுத்தியவர் அவர் என்ற நன்றி! நன்றி இருக்கட்டும், அது நல்ல குணம். ஆனால் வணிகரே, ஆபத்தில் உதவிய நண்பர் கடையில் பங்காளியானால் வருடக் கணக்கு பார்க்காமல் விடுவீரா? நன்றி வேறு, கணக்கு வேறு.

கணக்குக் கேட்பது குற்றம் சுமத்துவது ஆகாது. அந்தத் தீவன வழக்கில் 2013-இல் லாலுவுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் கணவன், மனைவி இருவர் மீதும் இருந்த சொத்துக் குவிப்பு வழக்கில் 2006-இல் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. விசாரணை என்றால் இப்படித்தான். குற்றமிருந்தால் பிடிக்கும், இல்லையென்றால் களங்கத்தைத் துடைக்கும்.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) பொறுப்பேற்றதும் முதலில் யாரிடம் கணக்குப் பார்த்தார்? தம் மனைவி ஃபாத்திமாவிடம்! தந்தையான கலீஃபா அப்துல் மலிக் மகளுக்குக் கொடுத்த நகைகள் பைத்துல்மாலுக்குப் போயின என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு அவற்றைத் திருப்பித் தர முன்வந்தபோதும் அந்த அம்மையார் வாங்க மறுத்தார். ஆட்சியாளரின் வீடு கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல. அந்த வீட்டுப் பெண் கண்ணியம் இல்லாதவளும் அல்ல.

சகோதரனே, டெல்லியையும் பாட்னாவையும் விடு. நம் டெல்டா கிராமத்துக்கு வா. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. 2016-இல் அது பாதியானது. நாற்காலி பெண்ணுக்கு வந்தது. உட்கார்ந்தது யார்?

2019 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ஒரு ஊராட்சிக்குப் போயிருந்தேன். மேட்டூர் திறக்கும் முன் பாசன வாய்க்கால் தூர்வார வேண்டும் என்ற மனு என் கையில். தலைவர் நாற்காலியில் கணவர். தலைவரம்மா சுவரோரம் ஸ்டூலில். நானும் மனுவைக் கணவரிடமே நீட்டினேன். "எந்த வாய்க்கால்?" என்று விழித்தார் அவர். சுவரோரம் இருந்து பதில் வந்தது. எந்த மதகு உடைந்திருக்கிறது, யார் வயலில் தண்ணீர் தேங்குகிறது, கடைமடைக்கு ஏன் வரவில்லை என்று அந்தச் சகோதரி வரிசையாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தலைவர் யார் என்று தெரிந்திருந்தும் நான் கணவரைத் தேடினேனே!

பெண்ணுக்குரிய நாற்காலியைக் கணவன் பறித்தது பாதிக் குற்றம் என்றால், அவன் முன் போய்க் கைகட்டி நின்ற நாம் மீதிக் குற்றவாளிகள். கடை உரிமத்துக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் "தலைவர் வீட்டுக்காரரை" தேடிப் போகிறவர் யார்? நாம்தானே! கையெழுத்து அவருடையது, பேரம் இவருடையது என்றால், நாளை முறைகேடு வெளிவரும்போது சிக்குவது யார்? ஒன்றும் அறியாத அந்தப் பெண்!

2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் எப்போது வந்தாலும் மூன்று காரியங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். மனுவைப் பதவியில் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். கிராம சபைக்குப் போய், வரவு செலவை அவரிடமே கேளுங்கள். அவருடைய உடையை, குடும்பத்தை, கடந்த காலத்தை எவனாவது இழுத்தால், அவன் நம் ஆளாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

நம் வீட்டுப் பெண்ணே நாளை அந்த நாற்காலியில் அமரலாம். அன்று அவளை ஊர் ஏசக்கூடாது என்று நினைக்கிறோம். நல்லது. அவளிடம் ஊர் கணக்குக் கேட்க வேண்டும் என்றும் நினைக்கிறோமா? பதவி ஓர் அமானிதம். அது கணவனின் சொத்தும் அல்ல, மனைவியின் சீதனமும் அல்ல.

நியாயமாகக் கேட்கும் நாவை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக!