விரித்த கூந்தலும் வெள்ளைப் புடவையும்

காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர்கள் சிலர், தாங்கள் எடுக்கவிருக்கும் பதினைந்து நிமிடக் குறும்படத்தின் திரைக்கதையை வாசித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். உளவியல் திகில் படம். கணவன் வெளியூரில் வேலைபார்க்க, வாடகை வீட்டில் தனித்திருக்கும் ஒரு பெண், மாடியில் யாரோ நடமாடுவதாக நம்பத் தொடங்குகிறாள். உண்மையிலேயே யாரேனும் இருக்கிறார்களா, எல்லாம் அவள் மனத்தின் தோற்றமா என்பது கடைசிவரை முடிவாவதில்லை. எழுத்தில் அது நன்றாகவே இருந்தது. கூடவே இணைத்திருந்த உடை, ஒப்பனைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் சோர்வு ஏற்பட்டது. வெள்ளைப் புடவை, முழங்கால்வரை தொங்கும் சவுரி, முகத்துக்கு வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கரி, உதட்டோரம் ரத்தம். நாடக உடைகள் வாடகைக்குத் தரும் கடையில் எல்லாமே ஒரே மூட்டையாகக் கிடைத்துவிடும்.

இவை பழையவை என்பது என் குறை அல்ல. பழையவை சில வேளைகளில் நன்றாகவே பயமுறுத்தும். ஆனால் படம் முழுவதும் திறந்தே இருக்கவேண்டிய கேள்விக்கு ஒப்பனைக்காரர் முதல் காட்சியிலேயே விடை எழுதிவிடுகிறார். பார்வையாளர் ‘பேய்’ என்றோ ‘பைத்தியம்’ என்றோ முடிவுகட்டி நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். அதன்பிறகு இயக்குநர் விதைக்கும் ஐயம் எதுவும் முளைப்பதில்லை.

ரோமன் போலன்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ (1965) படத்தை நண்பர்கள் பார்த்திருக்கக்கூடும். காத்தரீன் தெனேவ் ஏற்ற கரோல், லண்டனில் ஓர் அழகு நிலையத்தில் மற்றப் பெண்களின் நகங்களைச் சீர்செய்பவள். அவள் மனம் நொறுங்கிக்கொண்டே போகிறது; முகம் அழகாகவே இருக்கிறது. சமைக்காமல் விட்ட முயலிறைச்சி அழுகுகிறது, உருளைக்கிழங்குகள் முளைவிடுகின்றன, சுவர் பிளக்கிறது. சிதைவு முழுவதையும் வீடு சுமக்கிறது. அவளுக்கு ஒரு இரவு உடை போதுமானதாக இருந்தது.

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) நாகவல்லிக்கு முழு அலங்காரம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது கங்கையின் மனம் தானே தேர்ந்து பூணும் வேடம். அதைவிட என்னை உலுக்கியது, வெளியே கிளம்ப ஆயத்தமாகி நிற்கும் கங்கையைக் கணவன் தடுக்கும் காட்சி. சாதாரணப் புடவையில் நிற்கும் வீட்டுப் பெண் கட்டிலைத் தூக்குகிறாள். தேசிய விருது பெற்ற ஷோபனாவின் அந்த நடிப்புக்கு அங்கே அலங்காரம் எதுவும் துணைக்கு வரவில்லை.

இதில் இவ்வளவு பிடிவாதம் காட்ட எனக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. எங்கள் பெரியம்மா பல ஆண்டுகள் மனநோயுடன் வாழ்ந்து மறைந்தவர். திரைப்படங்கள் காட்டும் எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. விடியற்காலையில் குளிப்பார். எண்ணெய் தடவி இழை பிசகாமல் பின்னிக்கொள்வார். புடவைக் கொசுவம் மடிப்புக் கலையாமல் நிற்கும். வீட்டுக்கு வந்துபோன விருந்தினர் ஒருவர்கூட ஐயுற்றதில்லை. ஊக்குகள் மட்டுமே காட்டிக்கொடுத்தன. முந்தானைக்குத் தோளில் ஒன்று குத்துவது வழக்கம். அது இரண்டாயிற்று. பிறகு கொசுவத்தில், ரவிக்கையின் கொக்கிகளுக்கு இடையில், இடுப்பைச் சுற்றி. அம்மா ஒருநாள் கழற்றி எண்ணியபோது பத்தொன்பது இருந்தன. யாரோ தன் ஆடையைப் பிடித்து இழுப்பதாக அஞ்சி உடலோடு அதைப் பிணைத்துக்கொண்டிருந்தார் என்பது, மருத்துவரிடம் அவரே சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அவருடைய அறைக்குள் போக மறுத்து அழுதிருக்கிறேன். அவர் தலைகுளித்துக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நான் எதற்காக அழுதேன் என்பது அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு நான் எழுதியவை சிறிய யோசனைகளே. வீட்டில் உடுத்தித் துவைத்துப் பழகிய பருத்திப் புடவை வேண்டும். கஞ்சி மொடமொடக்கும் புதுப்புடவை உடலோடு ஒட்டாது, பொய் சொல்லும். தண்ணீரில் நனையும் காட்சி இருப்பதால் அதேபோல் இன்னொன்றும் தேவை. கண்ணுக்குக் கரி வேண்டாம். விளக்கைத் தலைக்கு மேலே வைத்தால் கண்குழிகள் தாமாகவே இருளும். முகப்பூச்சு இல்லாத தோலில் வியர்வை தெரியட்டும். ஊக்குகள் முதலில் ஒன்று, நடுவில் நான்கு, முடிவில் பதினொன்று. காட்சிகளை வரிசை மாற்றி எடுப்பதால் எந்தக் காட்சியில் எத்தனை என்று ஒருவர் நோட்டில் எழுதிவைத்தாக வேண்டும். அவள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திய நாளிலிருந்து பொட்டு நூலளவு இடம் மாறியிருக்கலாம். அதை யாரும் கவனிக்காமல் போனாலும் பரவாயில்லை.

இயக்கும் மாணவிக்கு இது பிடித்திருந்தது. செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்தான் விடவில்லை. “சரிங்க சார், ஆனா போஸ்டர்ல தலைய விரிச்சுப் போடலைன்னா இது திகில் படம்னு யாருக்குத் தெரியும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. சுவரொட்டிக்கு மட்டும் சவுரியை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.