குந்த்கோளுக்கு வழி ஜலந்தர்: இசைச் சமூகங்களும் உறவு வலைப்பின்னலும்

1933ஆம் ஆண்டில் வட கர்நாடகத்தின் கதக் ஊரிலிருந்து 11 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டைவிட்டு ஓடினான். அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்ட நாள்முதல் அவ்வாறு பாடவேண்டும் என்பதே அவன் வேட்கையாக இருந்தது. குவாலியர் உள்ளிட்ட பல ஊர்களில் அலைந்து, இறுதியில் பஞ்சாபின் ஜலந்தரில் தங்கிப் பாட்டுக் கற்றான். அந்நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ஹரிவல்லப இசை விழாவுக்குப் பாட வந்த விநாயகராவ் பட்வர்தன் அவனைக் கண்டு, இவ்வளவு தொலைவு அலைவானேன், உன் ஊருக்கு அருகிலேயே சவாய் கந்தர்வர் இருக்கிறாரே என்று வழிகாட்டினார். அப்துல் கரீம் கானின் தலைமாணாக்கரான சவாய் கந்தர்வர் வாழ்ந்த குந்த்கோள், கதக்கிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் அடையக்கூடிய ஊர். அச்சிறுவனே பின்னாளில் பாரத ரத்னா விருது பெற்ற பீம்சேன் ஜோஷி.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு மேதையின் விடாமுயற்சிக்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. ஆனால் வேறொன்றையும் அது காட்டுகிறது. நிலப்படத்தில் கதக்கும் குந்த்கோளும் அண்டை ஊர்கள். உறவுப்படத்தில் அவற்றுக்கிடையே நேர்வழி இருக்கவில்லை. ஓர் இசைத்தட்டு, ஒரு விழா, வேறொரு குருமரபைச் சேர்ந்த ஒரு பாடகர் ஆகிய மூன்று கண்ணிகள் சேர்ந்த பிறகே அவ்வழி திறந்தது. அவற்றுள் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த வேட்கையும் குரலும் இருந்திருக்கும். இன்று அறியப்படும் பாடகர் உருவாகியிருப்பாரா என்பது ஐயமே. படைப்பாற்றலைத் தனிமனிதரின் உள்ளத்தில் மட்டும் தேடும் ஆய்வு இதனைத் தவறவிடுகிறது.

இத்தகைய கேள்வியை மொழியியல் முன்னரே எதிர்கொண்டது. பெல்ஃபாஸ்ட் நகரின் மூன்று தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த லெஸ்லி மில்ராய், 1980இல் வெளிவந்த தம் நூலில் ஓர் உண்மையை நிறுவினார். ஒருவர்க்கு அண்டை வீட்டாரே உறவினராகவும் உடன் பணிபுரிபவராகவும் அமையும் நெருக்கமான வலைப்பின்னலில் வட்டார வழக்கு உறுதியாக நிலைக்கிறது. 1985இல் ஜேம்ஸ் மில்ராயுடன் இணைந்து எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தை வாதிட்டது: மொழிமாற்றம் ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது தளர்ந்த பிணைப்புகளின் வழியேதான். நெருங்கிய நண்பரைவிட அறிமுகமானவரே புதுச் செய்தியைக் கொண்டுவருகிறார் என்று சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் முன்வைத்த கருத்தின் நீட்சி அது.

இந்துஸ்தானி இசையின் கரானாக்களை இக்கண்ணாடி வழியே நோக்கலாம். கரானா என்பது பாணியின் பெயர் மட்டுமன்று. அது நெருக்கமான ஒரு வலைப்பின்னல். தந்தையே ஆசான், ஆசானின் மகளே மனைவி, மைத்துனரே உடன் பாடுபவர் என்ற நிலை பல இசைக் குடும்பங்களில் இருந்தது. அரிய பந்திஷ்கள் வெளியாருக்கு எளிதில் கற்பிக்கப்படவில்லை. இதனைக் குறுகிய மனம் என்று மட்டும் ஒதுக்குதல் பிழை. ஒரே சுர வரிசையை ஆண்டுக்கணக்கில் ஒரே செவியின் கண்காணிப்பில் பயிலும் சூழல் அந்த நெருக்கத்தினால் உண்டானது. நுட்பம் ஆழ்ந்ததும் அங்கேதான்.

ஆயினும் நெருக்கம் மட்டும் ஒரு கரானாவை வளர்த்துவிடவில்லை. கிரானா கரானா தன் பெயரைப் பெற்ற கைரானா இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஒரு சிற்றூர். அதன் கிளை தழைத்ததோ வட கர்நாடகத்திலும் மராட்டிய நாட்டிலும். காரணம் அரண்மனைகளும் இருப்புப்பாதையும். மைசூர் அரசவையின் அழைப்பை ஏற்று வடக்கிலிருந்து வந்த பாடகர்கள் இடைவழியில் தார்வாட், ஹூப்ளிப் பகுதிகளில் தங்கினர்; தங்கிய இடங்களில் மாணவர் சேர்ந்தனர். மிரஜில் குடியேறிய அப்துல் கரீம் கான் இந்த வழியே தெற்கோடு நெடுந்தொடர்பு கொண்டார். அவர் சர்கம் பாடிய முறையில் கருநாடக இசையின் சாயல் உண்டு என்பது இசை வரலாற்றாளர் பலரும் ஏற்கும் கருத்து. தியாகராஜர் கிருதியையும் அவர் இசைத்தட்டில் பாடிப் பதிந்தார். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. கைரானாவில் பிறந்தவரின் வாழ்வு செங்கற்பட்டுச் சீமையின் ஒரு நடைமேடையில் முடிந்தது என்பதே அவர் உறவு வலை எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்குச் சான்று.

அப்படியானால் தொடர்பு பெருகப் பெருகப் படைப்பாற்றலும் பெருகும் என்று முடிவு செய்யலாமா? இன்றைய இணையத் தளங்களின் விளம்பரமொழி அவ்வாறுதான் பேசுகிறது. சான்றுகள் அதற்கு இசைவாக இல்லை. 1945 முதல் 1989 வரை பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகங்களின் கூட்டுப்பணியை ஆராய்ந்த பிரையன் உஸ்ஸியும் ஜாரெட் ஸ்பைரோவும் 2005இல் வெளியிட்ட கட்டுரை இங்குக் கருதத்தக்கது. கலைஞர் குழுக்களுக்கிடையே பிணைப்பு கூடும்போது நாடகங்களின் வெற்றியும் ஓரளவு வரை கூடியது. அந்த எல்லையைத் தாண்டியபின் குறையத் தொடங்கியது. அனைவரும் அனைவரோடும் இணைந்துவிட்டால் அனைவர்க்கும் ஒன்றே தெரிந்திருக்கும். பகிர்ந்துகொள்ளப் புதிதாக ஒன்றும் மிஞ்சாது.

மல்லிகார்ஜுன் மன்சூரின் வாழ்வு இந்த அளவைத் தெளிவாக்கும். கருநாடக இசையில் தொடங்கி, மிரஜில் நீலகண்ட புவாவிடம் குவாலியர் மரபைக் கற்று, பின்னர் ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவின் அல்லாதியா கானுடைய மகன் மஞ்சி கானிடமும், அவர் மறைவுக்குப் பின் இளையவர் புர்ஜி கானிடமும் பயின்றவர் அவர். மூன்று உலகங்கள், ஒவ்வொன்றிலும் அமர்ந்து கற்றல். இன்று ஒரு மாணவர் ஒரே மாலையில் 10 கரானாக்களின் பதிவுகளைக் கேட்டுவிடலாம். பீம்சேனுக்குக் கிடைத்ததைப் போன்ற இசைத்தட்டு இன்று ஒவ்வொருவர் கையிலும் உண்டு. ஆனால் இசைத்தட்டு அவரை வீட்டிலிருந்து வெளியேற்றியது. பாடகராக்கியது குந்த்கோள் வீட்டின் ஆண்டுக்கணக்கான பயிற்சி. தளர்ந்த பிணைப்பு கதவைக் காட்டும். உள்ளே நெடுங்காலம் தங்குவதற்கு வலிய பிணைப்பு வேண்டும்.

இவற்றோடு அதிகாரம் என்ற கேள்வியும் உண்டு. வலைப்பின்னல் வரைபடங்கள் கோடுகளைக் காட்டும். ஒரு கோட்டைக் கடக்க யார் என்ன விலை கொடுத்தனர் என்பதைக் காட்டா. சவாய் கந்தர்வரிடம் பயில ஹூப்ளியிலிருந்து குந்த்கோளுக்கு ரயிலில் சென்றுவந்த கங்குபாய் ஹங்கல், பாடுவதையே இழிவாக எண்ணிய சமூகத்தின் ஏளனத்தைத் தாங்கி மேலெழுந்தவர். அவர் தாய் அம்பாபாய் கருநாடக இசையில் தேர்ந்தவர். மகளின் இந்துஸ்தானிப் பயிற்சிக்கு இடையூறு ஆகக்கூடாது என்பதற்காகத் தம் பாட்டையே நிறுத்திக்கொண்டார் என்பது அவ்வாழ்வைப் பேசும் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஒரு மரபுக்குள் நுழைய வீட்டுக்குள்ளேயே மற்றொரு மரபு மௌனமாகியது. கிரானா கரானாவின் வமிச வரைபடத்தில் அம்பாபாய்க்கு இடமில்லை. கங்குபாயின் கலை அவரின்றி இல்லை.

சாரங்கிக் கலைஞர்களின் நிலையும் அத்தகையதே. பல கரானாக்களின் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக அமர்ந்து, ஒவ்வொருவர் பாட்டையும் நிழல்போலத் தொடர்ந்தவர்கள் அவர்கள். குழுக்களுக்கிடையே பாலமாக இருக்க அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. ஆயினும் பாலமாக இருந்தமைக்குரிய மதிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. வலைப்பின்னலின் நடுவிடம் எப்போதும் அதிகாரத்தின் நடுவிடமாக இருப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்திய இசை குறித்த முனைவர் பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் இரு வகைப்படுகின்றன: ஒரு மேதையின் வாழ்வும் பணியும், அல்லது ஒரு மரபின் இராகங்களும் உருப்படிகளும். இரண்டும் தேவையே. ஆனால் அவை விட்டுவிடும் இடைவெளியில்தான் இசைத்தட்டுக் கடையும், ஊர் விழாவும், தொடர்வண்டிச் சந்திப்பும், பக்கவாத்தியக்காரரும், பாட்டை நிறுத்திக்கொண்ட தாயும் இருக்கின்றனர். யார் யாரிடம் கற்றார் என்ற ஒற்றைக் கேள்வியோடு நில்லாமல், யார் யாரை அறிந்திருந்தார், யார் வழியே யாருடைய பாட்டு யாரை எட்டியது, யாருக்கு வழி அடைக்கப்பட்டது என்று ஆய்வு கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்பவர்க்கு விழா அழைப்பிதழ்களும், இசைத்தட்டுப் பட்டியல்களும், வானொலி நிலைய ஆவணங்களும், முதிய கலைஞர்களின் நினைவுகளும் முதன்மைச் சான்றுகளாகும்.

இசைத் துறைகளுக்கும் இதில் பாடம் உண்டு. பருவத்தேர்வுக்கு ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு ஒரு பாடத்திட்டம் என்ற முறை நெருங்கிய பிணைப்பையும் தருவதில்லை, தளர்ந்த பிணைப்பையும் தருவதில்லை. ஒரே ஆசானிடம் நீண்டகாலப் பயிற்சி, இடையிடையே வேற்று மரபினரோடு அமர்ந்து கேட்கும் வாய்ப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே அமைப்பதே வரலாறு காட்டும் வழி. ஜலந்தர் விழாவில் பட்வர்தன் வேற்று மரபுச் சிறுவனுக்கு வேற்று மரபுக் குருவின் பெயரைச் சொன்னார். அவ்வாறு சொல்லக்கூடிய ஒருவரை மாணவர் சந்திக்கும் இடங்கள் இன்றைய கல்வி நிறுவனங்களில் எத்தனை என்பதே எண்ணிப்பார்க்க வேண்டியது.